முழங்கை வரை

மனிதன் தன் முகத்தைக் காண்பதைவிடத் தன் கைகளையே மிகுதியாகக் காண்கிறான். உண்ணும்போது காண்கிறான், எழுதும்போது காண்கிறான். தொழுகைக்காக ஒளுச் செய்பவனோ நாளொன்றுக்கு ஐந்து வேளை முழங்கை வரை கழுவிக் கழுவிக் காண்கிறான். ஆயினும் காண்பது வேறு, கவனிப்பது வேறு என்பதை நாம் அறுபத்து மூன்றாம் வயதில்தான் கற்றோம். அதைக் கற்பித்தது ஏடு அன்று. கொல்லிமலையின் அடிவாரத்தில், புளியஞ்சோலையில் ஓடும் ஐயாற்று நீர்.

இதனை எழுத நாம் நெடுநாள் தயங்கினோம். எழுதினால் ஊரார் என்ன நினைப்பரோ என்னும் அச்சம் ஒரு காரணம். எழுதாவிட்டால் நம்மைப் போலவே இன்னொருவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு காலங்கடத்துவாரே என்னும் எண்ணம் அந்த அச்சத்தை வென்றது. எனவே எழுதுகிறோம்.

2022 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அரையாண்டு விடுமுறைக்கு நம் மூத்த மகள் தன் பிள்ளைகளுடன் திருச்சிக்கு வந்திருந்தாள். பேரன் ஒன்பது வயதுச் சிறுவன். மலையும் அருவியும் பார்க்க வேண்டும் என்று நச்சரித்தான். துறையூர் வழியாக உப்பிலியபுரம் சென்று, அங்கு வயல்களின் நடுவே இருக்கும் உறவினர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் காலையில் புளியஞ்சோலையை அடைந்தோம்.

கொல்லிமலை வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ் படித்தோர் அறிவர். மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை என்னும் பேரருவியாக வீழும் ஐயாறு, பாறைகளினூடே இறங்கி வந்து புளியஞ்சோலையில் தெளிந்த ஓடையாகிறது. மழைக்காலம் முடிந்த வேளையாதலின் நீர் நிறைந்திருந்தது. பிள்ளைகள் நீரைக் கண்டதும் நம்மை மறந்தனர்.

அங்கே தேநீர் விற்ற மூதாட்டி, புதரோரம் ஓடிய பேரனை உரத்த குரலில் தடுத்தார். "தம்பி, அந்தப் பக்கம் போகாதே, காஞ்சொறி கிடக்குது!" அந்தச் செடியின் இலையிலும் தண்டிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நுண்ணிய முட்கள் உண்டு. பட்ட மாத்திரத்தில் தீயாய் எரியும், தடிக்கும், சில மணி நேரத்தில் பெரும்பாலும் தணியும். மலைக்காட்டில் சேராங்கொட்டை மரமும் உண்டு. அதன் கொட்டையில் ஊறும் கரிய பால் உடனே எரிக்காது. ஒரு நாள், இரு நாள் கழித்தே தோலைக் கொப்புளிக்க வைக்கும். முன்னாளில் சலவைத் தொழிலாளர் துணிகளுக்குக் குறியிட்டது அந்தப் பாலால்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் புண் தோன்ற, துணியில் இட்ட குறியே அதற்குக் காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். தோலில் தோன்றும் ஒரு தடிப்புக்குப் பின்னே இப்படி ஒரு கதை இருக்கும். அக்கதையைக் கேட்கத் தெரிந்தவரே நல்ல மருத்துவர்.

லுஹர் நேரம் வந்தது. நாம் ஒரு பாறைமீது அமர்ந்து ஓடை நீரிலேயே ஒளுச் செய்தோம். வலக்கையை முழங்கை வரை கழுவினோம். குளிர் எலும்பைத் தொட்டது. இடக்கையைக் கழுவினோம். அங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. மணிக்கட்டு சில்லிட்டது, முழங்கை சில்லிட்டது, இடையே, முன்கையின் வெளிப்புறத்தில் மூன்று விரல் அகலமுள்ள ஓரிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது. நீர் அங்கே பட்டது; குளிர் படவில்லை.

அந்த இடத்தில் ஒரு வெளிறிய படை இரண்டாண்டுகளாக இருந்தது. முதலில் நாலணாக் காசளவு தோன்றிற்று. தேமல் என்று எண்ணினோம். அரிப்பில்லை, எரிச்சலில்லை, செதில் உதிரவில்லை. நம்மைத் தொந்தரவு செய்யாத ஒன்றை நாமும் தொந்தரவு செய்யவில்லை. அன்று ஓடையிலிருந்து ஒரு குளிர்ந்த கூழாங்கல்லை எடுத்து அப்படையின்மீது வைத்துப் பார்த்தோம். கல்லின் கனம் தெரிந்தது, குளிர்ச்சி தெரியவில்லை. கல்லை நீரிலேயே விட்டுவிட்டுத் தொழுகைக்கு எழுந்தோம். தொழுகையில் மனம் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

வீடு திரும்பிய மறுநாள், பேரன் அலறினான். அவனுடைய வலக்கையின் முழங்கை மடிப்பில், சூட்டுக்கோல் இழுத்தாற்போல் ஒரு சிவந்த கோடு. மாலைக்குள் கோட்டின்மேல் சிறு கொப்புளங்கள் எழுந்தன. வீடே ஒரு மருத்துவச் சபையாயிற்று. காஞ்சொறி என்றாள் நம் மகள். பூரான் ஊர்ந்திருக்கும் என்றார் அடுத்த வீட்டுக்காரர். நம் மனைவியோ, "இது அக்கிதான். குயவரிடம் போய்க் காவியால் எழுதிவிட்டால் மூன்று நாளில் இறங்கிவிடும்" என்றார். அக்கி எழுதும் வழக்கத்தை இளமையில் நாமும் கண்டதுண்டு. செம்மண்ணைக் குழைத்து, புண்ணைச் சுற்றிச் சிங்கம்போல் ஓர் உருவம் வரைவார்கள். குளிர்ந்த மண் சற்று இதம் தருவது உண்மை. நோயைத் தீர்ப்பது அதுவன்று.

இந்தச் சபையில் நாம் செய்த பங்களிப்பு இன்னும் மோசமானது. மருந்துக்கடைக்குச் சென்று, "கையில் புண், ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வந்தோம். எதற்கு, யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் களிம்புக் குழாயைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மேசைமீது வைத்தார். பேரனின் கையை நீட்டச் சொன்னார். பிறகு மடக்கச் சொன்னார். முன்கையில் ஒரு புண். மேற்கையில் அதே அளவில், அதே வடிவில் இன்னொன்று. மடித்த தாளில் மை சிந்தினால் இருபுறமும் ஒரே உருவம் பதியுமே, அதுபோல.

"இரவு எங்கே தங்கினீர்கள்?" என்று கேட்டார்.

"வயலோரத்தில் ஒரு வீட்டில்."

"திண்ணையில் குழல்விளக்கு எரிந்ததா?"

எரிந்தது. பேரனுக்கு உடனே நினைவு வந்தது. "நன்னா, கையிலே ஒரு பூச்சி ஊர்ந்தது, அடித்து நசுக்கினேனே!" கருப்பும் செம்மஞ்சளும் மாறிமாறி வந்த, எறும்பினும் சற்றுப் பெரிய பூச்சி என்றான்.

மருத்துவர் புன்னகைத்தார். அந்தப் பூச்சி கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லையாம். மழைக்குப் பின் நெல்வயல்களில் பெருகி, இரவில் விளக்கொளியை நாடி வரும். அதன் உடலுக்குள் ஒரு நச்சுநீர் உண்டு. ஊதித் தள்ளினால் தீங்கில்லை. நசுக்கினால் அந்நீர் தோலில் பரவும். ஏறத்தாழ ஒரு நாள் கழித்தே எரிச்சலும் கொப்புளமும் தோன்றும். கையை மடக்கும்போது நச்சு மறுபக்கத்திலும் ஒட்டிக்கொள்வதால்தான் இரட்டைப் புண். அக்கி என்பது உடலின் ஒரு பக்கத்தில், ஒரு நரம்பின் வழியை ஒட்டித் தோன்றுவது. அதற்குக் காரணம் சின்னம்மைக் கிருமி. இது அதுவன்று. பட்டவுடன் சோப்பிட்டுக் கழுவியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும். இனி ஈரத்துணி ஒத்தடமும் அவர் எழுதித் தரும் மருந்தும் போதும். ஓரிரு வாரத்தில் ஆறும். கருந்தழும்பு சில காலம் இருந்து மறையும் என்றார். அவ்வாறே ஆறிற்று.

பிறகு களிம்புக் குழாயைக் கையில் எடுத்தார். அதில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, கிருமிக்கொல்லி மூன்றும் கலந்திருந்தன. "மூன்று பூட்டுக்கு ஒரே சாவி என்று நினைத்து இதை விற்கிறார்கள். படர்தாமரைக்கு இதைப் பூசினால் சிவப்பும் அரிப்பும் இரண்டே நாளில் அடங்கும்; ஆனால் உள்ளே பூஞ்சை பரவும். வளையம்போல் இருந்த விளிம்பு கலைந்துவிடும். பிறகு எந்த நோய் என்று நாங்களே தடுமாற வேண்டியிருக்கும். நாள்பட்டால் தோல் மெலியும்" என்றார். 2018 ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று நடுவணரசு விதித்துவிட்டது. விதி ஏட்டில் இருக்கிறது; குழாய் நம் வீட்டு அலமாரியில் இருந்தது.

விடைபெறும் வேளையில் அவர் பொதுப்படையாக ஒரு சொல் சொன்னார். "அரிப்பும் எரிச்சலும் நல்ல காவற்காரர்கள். நோயாளியை இழுத்துக்கொண்டு வந்து எங்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அரிக்காமல், வலிக்காமல் இருக்கும் படையைத்தான் யாரும் கொண்டு வருவதில்லை."

நாம் இடக்கைச் சட்டையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டோம். வெளியே வந்தோம்.

ஏன் காட்டவில்லை? நமக்கு ஐயம் இல்லாமலில்லை. உணர்ச்சியற்ற வெளிறிய படை என்றால் என்னவென்று பள்ளிச் சுவர்களில் எழுதியிருந்ததை நாற்பதாண்டுகளாகப் படித்தவர்கள் நாம். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவரும் நாமே. ஆயினும் நம் இளைய மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் தொழுநோய் என்னும் சொல் எழுந்தால் அந்தப் பேச்சு என்னாகும்?

இன்னொன்றும் உண்டு. நம் சிறுவயதில் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் வாயிலில் விரல்கள் குறைந்த முதியவர் ஒருவர் தகரக் குவளையுடன் அமர்ந்திருப்பார். நம் அத்தா காசை நம் கையில் தந்து, "மேலே இருந்து போடு; தொட்டுவிடாதே" என்பார். ஈகையும் அருவருப்பும் ஒரே கையால் கொடுக்கப்பட்ட காசு அது. அதன் ஓசை இன்றும் நம் காதில் இருக்கிறது. நாம் அஞ்சியது நோயையா, அந்தத் தகரக் குவளையையா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

2023 ஆம் ஆண்டு ரமலான் மார்ச் இறுதியில் தொடங்கியது. மஹல்லாவில் நோன்புக் கஞ்சி வழங்கும் பணியில் ஆண்டுதோறும் நாம் நிற்பது வழக்கம். அன்று அஸருக்குப் பின், அண்டாவிலிருந்து கஞ்சியை முகந்து, வந்தவர்களின் தூக்குவாளிகளில் ஊற்றிக்கொண்டிருந்தோம். வேலைக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தோம். வரிசையில் நின்ற சிறுவன் ஒருவன், "நன்னா, கை! கை சுடுது!" என்று கத்தினான். குனிந்து பார்த்தோம். நம் இடமுன்கை அண்டாவின் விளிம்பில் சாய்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் படையின்மேல் தோல் வெந்து சுருங்கியிருந்தது. நமக்கு வலிக்கவில்லை. சிறுவன்தான் முகம் சுளித்து நின்றான்.

வலி என்பது எத்தகைய அருள் என்பதை அந்தக் கணத்தில் உணர்ந்தோம். கையைக் காப்பது கண்ணன்று, அறிவன்று, வலிதான். வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் கண்டு உலகுக்கு உரைத்ததும் இதுதான். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை. உணர்ச்சி அற்றுப்போவதால் சூடும் வெட்டும் உராய்வும் தெரியாமல், காயத்தின்மேல் காயம் பட்டு அழிகின்றன. பள்ளிவாசல் வாயிலில் இருந்த முதியவரும் ஒருகாலத்தில் ஏதோ ஓர் அடுப்பின் விளிம்பில் இப்படிக் கை வைத்தவராகத்தான் இருந்திருப்பார்.

மறுநாள் காலையிலேயே அதே மருத்துவரிடம் சென்றோம். இம்முறை தனியாக. அவர் நம்மைச் சன்னலருகே பகல் வெளிச்சத்தில் அமர்த்தினார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சின் நுனியைத் திரித்து ஆங்காங்கே மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். முழங்கைக்கு மேலும், புறங்கையிலும், விரலிலும் சரியாகக் காட்டினோம். பிறகு நெடுநேரம் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணிக் கண்ணைத் திறந்தோம். பஞ்சு படையின்மேல் இருந்தது.

முழங்கையின் பின்புறத்தில் ஓடும் நரம்பைத் தடவி, தடித்திருக்கிறதா என்று பார்த்தார். உடல் முழுவதும் வேறு படை உண்டா என்று எண்ணினார். தோலைச் சிறிது கீறி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். முடிவில், "தொழுநோய்தான்; தொடக்க நிலை. ஒரே படை, நரம்பு தடிக்கவில்லை. ஆறு மாத மருந்து. முற்றும் குணமாகும்" என்றார். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "டிசம்பரிலேயே காட்டியிருக்கலாமே" என்றார். நாம் விடை கூறவில்லை.

ஆறு மாத மருந்து! இச்சொல்லுக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது! 1873 இல் நார்வே நாட்டு ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டார். இது சாபமன்று, பரம்பரையுமன்று என்பதற்கு அதுவே முதற்சான்று. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. நம் செங்கற்பட்டுத் திருமணியிலிருந்த தொழுநோய் இல்லம் அம்மருந்துகளைச் சோதித்த முன்னோடிகளுள் ஒன்று. ஒரே மருந்தைக் கிருமி எதிர்க்கப் பழகிவிடவே, 1982 இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையை வகுத்தளித்தது. 2005 ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை எட்டியது. ஆனால் ஒழிந்துவிட்டது என்று எண்ணலாகாது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டினரே.

மருந்து அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைத்தது. மாதத்தில் ஒரு நாள் செவிலியர் முன்னிலையில் ரிஃபாம்பிசின். நாள்தோறும் வீட்டில் டாப்சோன். முதல் நாள் சிறுநீர் சிவந்தது. அது மருந்தின் நிறம் என்று முன்னரே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. நோயால் நோன்பைத் தவிர்க்க வேண்டியிருக்குமோ என்று கேட்டோம். மாத்திரையை இரவில் உண்ணலாம் என்றார் மருத்துவர்.

மறைக்க வழியில்லாமற்போனது அதற்குப் பிறகுதான். ஒரே வீட்டில் உடனிருப்போர் அனைவரையும் சோதித்தல் வேண்டும். தடுப்பாக ஒரு வேளை மருந்தும் தருவார்கள் என்றனர். நம் மனைவியிடமும் இளைய மகளிடமும் இரவு உணவுக்குப் பின் சொன்னோம். மனைவி அழுதார், நோய்க்காக அன்று, மூன்று மாதம் மறைத்ததற்காக. மகள் நம் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, தீப்புண்ணைப் பார்த்தாள். "வரன் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள் அத்தா. தெரிந்து வருபவர்கள் வரட்டும்" என்றாள். இருவருக்கும் சோதனையில் ஒன்றுமில்லை.

சொன்னோம். பொதுவாகப் பெரும்பாலான மனிதருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு என்பதையும், மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ நீங்கிவிடுகிறது என்பதையும் சொன்னோம். அவர்கள் மரியாதையுடன் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வரவில்லை. காரணம் சொல்லவுமில்லை, நாமும் கேட்கவில்லை.

அவர்களை மட்டும் குறை கூறுவதெப்படி? 1939 ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவனுக்குத் தொழுநோய் என்பது மணவிலக்குக்கு ஒரு காரணமாகவே எழுதப்பட்டிருந்தது. மற்றச் சமயத்தாரின் சட்டங்களிலும் அவ்வாறே. கூட்டு மருந்து வந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2019 இல்தான் நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது. சட்டத்துக்கே அத்தனை காலம் பிடித்ததென்றால் மனத்துக்கு எத்தனை காலம் பிடிக்கும்!

ஆனால் நம் வரலாற்றில் வேறொரு பக்கமும் உண்டு. தொழுநோயாளரைக் குணப்படுத்திய ஈஸா நபியைத் திருக்குர்ஆன் சிறப்பித்துக் கூறுகிறது. உமையாக் கலீபா வலீத், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்நோயாளருக்கு உதவித்தொகை வழங்கி, பிறரிடம் கையேந்தாதிருக்கச் செய்தார் என்று தபரீ எழுதுகிறார். தகரக் குவளையைக் கண்டு வளர்ந்த நாம் இதனை அறுபது வயதுக்கு மேல்தான் படித்தோம்.

அக்டோபரில் மருந்து முடிந்தது. அடுத்த ஆண்டு மகளுக்கு வேறொரு வரன் வந்தது. இம்முறை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டோம். மாப்பிள்ளையின் பெரியத்தா சற்று நேரம் தாடியை நீவிக்கொண்டிருந்தார். "மருந்தை முழுசா முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். முடித்துவிட்டோம் என்றோம். "அப்புறம் என்ன? மஹர் பற்றிப் பேசுவோம்" என்றார். நிக்காஹ் இனிதே நடந்தது.

இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு நாம் கூறுவது நீண்டதன்று. கையில் தோன்றும் படை அரித்தால், எங்கே சென்றோம், எதைத் தொட்டோம், வீட்டில் வேறெவருக்கேனும் அரிக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்; அந்த விடைகளை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இரவில் மிகுதியாக அரித்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பொரிகள் இருந்தால் அது சிரங்காகலாம். அப்போது ஒருவர் மட்டுமன்றி வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசல் வேண்டும். திடீரெனத் தடித்து இடம் மாறும் காணாக்கடியுடன் உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நொடியும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். பெயர் தெரியாத களிம்பை எதற்கும் பூசாதீர்கள். வெளிறியோ சிவந்தோ ஒரு படை, அரிக்காமல் வலிக்காமல் நாள்கணக்கில் இருந்தால், அதைத்தான் முதலில் காட்டுங்கள். எல்லாத் தேமலும் தொழுநோயன்று; ஆனால் பஞ்சால் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சென்ற டிசம்பரில் பேரன் மீண்டும் புளியஞ்சோலைக்கு அழைத்துச் சென்றான். அதே பாறையில் அமர்ந்து ஒளுச் செய்தோம். நோய் அகன்றுவிட்டது, படையின் நிறமும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. உணர்ச்சி மட்டும் முழுதும் திரும்பவில்லை. அந்த இடத்தில் குளிர் இன்னும் மங்கலாகவே தெரிகிறது. தாமதித்த நாட்களின் கணக்கு அது. பேரன் அருகில் வந்து தன் முழங்கை மடிப்பைக் காட்டினான். "எனக்குத் தழும்பே இல்லை நன்னா" என்றான். அவனுடைய கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நன்றாகப் பார்த்தோம். பிறகு நம்முடையதை நீட்டினோம். அவனும் பார்த்தான்.